ஓடையையும் பாறையையும் விட்டுவிட்டு மனை பிரித்தது: அழகர்மலை அடிவாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையில், கடைகள் குறைந்து மலை முழுசாகத் தெரியத் தொடங்கும் இடத்துக்கு அப்பால், உள்ளே தள்ளி ஒரு 20 ஏக்கர் புஞ்சை. அண்ணன் தம்பி இருவர் பெயரில் கூட்டுப் பட்டா. கடைசியாகச் சோளமும் குதிரைவாலியும் விதைத்தது அவர்களுடைய அப்பா காலத்தில்; அப்புறம் தரிசாகவே கிடந்தது. வடக்கு ஓரத்தில் ஒரு பாறைத் திட்டு, அதைச் சுற்றி உசிலை, வெள்வேல், மஞ்சணத்தி என்று ஒரு சின்னக் காடு. வடமேற்கு மூலையில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேறும் ஓடை, பக்கத்து சர்வே எண்ணில் இருக்கும் கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறது. மீதி இடமெல்லாம் சீமைக்கருவேல். நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை ஓடையைத் தாண்டி, பாறையடியில் இருக்கும் கருப்பசாமிக்குப் போகிறது.

அண்ணன் தம்பி கேட்டது சாதாரண லேஅவுட்தான். ஒரு வரைபடத்தையும் கையில் வைத்திருந்தார்கள். கிழக்கு மேற்காக 30 அடி ரோடுகள், 5 சென்ட் வீதம் 267 மனைகள். பாறையை வெடி வைத்து எடுத்துவிடலாம். ஓடைப் புறம்போக்கை ஒட்டி இரண்டு பக்கமும் சுவர் கட்டிக்கொள்ளலாம். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, முறையாக நகர் ஊரமைப்பு அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அனுமதிக்கு ஏற்றபடி வரைந்து தர வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

நிலத்தின் இயல்பைக் கெடுக்காமல் மனை பிரிக்கலாம் என்று இந்தப் பக்கம் யாரிடம் பேசினாலும் முதலில் வருகிற பதில், "கட்டுபடியாகாது". இந்த நிலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்ததில் அந்தப் பயம் பாதிதான் சரி. பணத்தைவிடப் பெரிய தலைவலி வேறு இரண்டு இடங்களில் இருந்தது. விட்டுவைக்கிற இடம் நாளைக்கு யார் பெயரில் இருக்கும், வீடுகள் அந்த இடத்துக்கு முகம் காட்டுமா முதுகு காட்டுமா என்பவை அவை. இந்த ஆய்வில் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியது.

வரிசையை மாற்றியது

வழக்கமாக லேஅவுட் வரைகிறவர் முதலில் ரோட்டைப் போடுவார். ரோட்டின் இரு பக்கமும் மனை விழும். மிச்சம் மீதி கோணல் துண்டெல்லாம் பூங்கா ஆகும். அமெரிக்கத் திட்டமிடுநர் ராண்டல் அரெண்ட் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதற்கு நேர் எதிரான வரிசை: காக்க வேண்டிய இடத்தை முதலில் குறி, அப்புறம் வீடு எங்கே என்று முடிவு செய், அப்புறம் வீடுகளை இணைக்கிற மாதிரி ரோடு போடு, மனையின் எல்லைக் கோட்டைக் கடைசியில் வரை. அவர் பேசுவது ஏக்கர் கணக்கில் மனை வாங்குகிற ஊரைப் பற்றி. அங்கே மனையைப் பாதியாகச் சுருக்கினாலும் தாராளமாக ஒரு வீடு கட்டலாம். நிலத்தில் சரிபாதியைத் திறந்தவெளியாக விடலாம். நம்மிடம் 3 சென்ட்டில் வீடு கட்டி, மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கும் விடுகிறார்கள். சுருக்குவதற்கு அவ்வளவு இடம் கிடையாது. அதனால் அவருடைய அளவுகளை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஓடைக்கு எவ்வளவு இடம்

அளவைப் படத்தில் ஓடைப் புறம்போக்கு சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு இரண்டு கோடுகளாக ஒல்லியாகப் போகிறது. கோடையில் போய்ப் பார்த்தால் அந்த 6 மீட்டரே அதிகம் என்றுதான் தோன்றும். வெறும் மணல் தடம், நடுவில் நாலு கூழாங்கல், ஒரு கிழிந்த செருப்பு. ஆனால் ஓரத்து உசிலை மரங்களின் கிளைகளைக் கொஞ்சம் நின்று பார்த்தால் வேறு விஷயம் தெரியும். இடுப்பு உயரத்தில் காய்ந்த புல், சோளத்தட்டை, பாலிதீன் பை எல்லாம் ஒரே பக்கமாகச் சிக்கி நிற்கின்றன. வெள்ளம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன செத்தை அது. மரத்துக்கு மரம் அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு, மட்டக்கருவியை வைத்து அதே மட்டம் தரையை எங்கே தொடுகிறது என்று பார்த்தோம். சில இடங்களில் தண்ணீர் 20 மீட்டர் வரை விரிந்து ஓடியிருக்கிறது. படம் சொல்வதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் கட்டிய கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, ஐப்பசியில வந்து பாருங்க. அந்த மஞ்சணத்தி வரைக்கும் வரும். அங்கிட்டுப் பள்ளத்துல நாலு நாள் நிக்கும், அப்புறந்தான் கண்மாய்க்கு எறங்கும்" என்றார். அவர் கைகாட்டிய பள்ளம் பழைய வரைபடத்தில் 11 மனைகளாகப் பிரிந்திருந்தது. மட்டம் எடுத்தபோது நிலத்திலேயே தாழ்வான இடம் அதுதான். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்தோம். மேட்டில் ஓரடிச் செம்மண்ணுக்குக் கீழே சுக்கான், தண்ணீர் அப்படியே நிற்கிறது. பள்ளத்தில் மணல் கலந்த மண், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறது. கண்மாய்க்குப் போகிற வழியில் கிணறுகளுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவில், சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த 20 ஏக்கரில் 50 மி.மீ. விழுந்தாலே 40 லட்சம் லிட்டர் தண்ணீர். மலையிலிருந்து ஓடை கொண்டுவருவது தனி. சுவர் எழுப்பி 6 மீட்டருக்குள் அடக்கினால் அது சுவரை இடிக்கும், இல்லாவிட்டால் மேலே இருக்கிற பக்கத்து நிலத்தை மூழ்கடிக்கும். இதைக் காகிதத்தில் விளக்கியபோது அண்ணன் தம்பி இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். 2024 அக்டோபர் 25 மழையில் மதுரை நகரில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த காட்சியை இருவரும் போனில் பார்த்திருந்தார்கள். அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் தம்பிக்காரர், "சரி சார், எவ்வளவு விடணும்?" என்று கேட்டார்.

புறம்போக்கு எல்லையிலிருந்து இரண்டு பக்கமும் 15 மீட்டர் என்று வைத்தோம். ஓடை இந்த நிலத்துக்குள் ஓடும் நீளம் சுமார் 400 மீட்டர். ஆக மூன்று ஏக்கர். பள்ளம் அரை ஏக்கர். பாறையும் அதைச் சுற்றிய காடும் இரண்டரை ஏக்கர். மொத்தம் ஆறு.

காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரிய மரங்கள் நிறைந்த சோலை கிடையாது. வெளியூர்க்காரர் பார்த்தால் முள்ளுக்காடு என்பார். ஆனால் உசிலை இந்த மண்ணின் மரம். உசிலம்பட்டியின் பெயரிலேயே இருக்கிறது. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் அது எப்படி வளர்ந்து நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு, ஆடு கடிக்காமல் விட்டால் இந்தக் காடும் என்ன ஆகும் என்று புரியும். அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தபோதும் உள்ளே வந்தவை இந்த மாதிரிப் பாறையும் சுனையும் புதருமான நிலங்கள்தான். சீமைக்கருவேலை மட்டும் எடுத்தோம். அதையும் ஓடைக்கரையில் ஒரே மூச்சில் எடுக்கவில்லை. வேரோடு பிடுங்கினால் முதல் மழையிலேயே கரை சரியும் என்பதால், துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் புங்கையும் நீர்மருதும் பிடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போனோம்.

கணக்கு

பழைய வரைபடத்தில் 2,000 சென்ட்டில் ரோடு 500 சென்ட். ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அது 150. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் பொதுத் தேவைக்காக அரை அரை சதவீதம்; அது 15. விற்கக் கிடைப்பது 1,335 சென்ட், 5 சென்ட் வீதம் 267 மனை.

புதியதில் ஆறு ஏக்கர் முதலிலேயே போய்விட்டது. மனையை 4 சென்ட் ஆக்கினோம். முகப்பு 36 அடியிலிருந்து 29 அடியாகக் குறைந்தது, ஆழம் அதே 60 அடி. முகப்பு குறைந்தால் அத்தனை மனைகளுக்கும் தேவைப்படுகிற ரோட்டின் நீளமும் குறைகிறது. பழைய படத்தில் மனைகளுக்கு முன்னால் ஓடிய ரோடு ஏறத்தாழ 4,800 அடி. புதியதில், ரோட்டின் இரு பக்கமும் மனை என்று வைத்துப் பார்த்தால், அது 3,900 அடிக்குப் பக்கம். குறுக்குத் தெருக்கள் பல தேவைப்படவில்லை. நீளம் குறைந்த தெருக்களை 7.2 மீட்டர் அகலத்தில் நிறுத்த முடிந்தது. மொத்த ரோடு 300 சென்ட்டில் முடிந்தது. பொதுத் தேவை 17 சென்ட். திறந்தவெளி ஒதுக்கீடான 170 சென்ட் அந்த ஆறு ஏக்கருக்குள்ளேயே அடக்கம். விற்க 1,083 சென்ட், 270 மனை.

மனை எண்ணிக்கை மூன்று கூடியிருக்கிறது. விற்கிற நிலம் 252 சென்ட் குறைந்திருக்கிறது. இதை மறைத்து எல்லாம் லாபம் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அதே தொகை கைக்கு வர வேண்டுமானால் சென்ட் விலையை ஏறக்குறைய 23 சதவீதம் கூட்ட வேண்டும். அதாவது வாங்குகிறவர் 4 சென்ட்டுக்குக் கிட்டத்தட்ட 5 சென்ட் பணம் தர வேண்டும். இதில் செலவுக் குறைவைக் கழிக்கலாம். இரண்டு ஏக்கர் ரோடு போட வேண்டாம். பாறைக்கு வெடி வைக்க வேண்டாம். ஓடையின் இரு கரையிலும் 400 மீட்டருக்கு கருங்கல் சுவர் வேண்டாம். பள்ளத்தை மேடாக்க லாரி லாரியாக கிராவல் அடிக்க வேண்டாம். இவ்வளவும் கழிந்த பிறகு தேவைப்பட்ட விலையேற்றம் பாதியாக இறங்கியது. அந்தப் பாதியைச் சந்தை கொடுக்குமா என்பதில் அண்ணனுக்குக் கடைசி வரை சந்தேகம் இருந்தது. அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

முகமும் முதுகும்

மதுரையைச் சுற்றி எந்த வாய்க்கால் கரைக்கும் போய்ப் பாருங்கள். வீடுகளின் பின்சுவர் வாய்க்காலைப் பார்த்து நிற்கும். பின்சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே குப்பை. யாருடைய வாசலிலும் இல்லாத இடம் எல்லோருடைய கொல்லையாகவும் ஆகிவிடுகிறது. ஓடைக்கு 15 மீட்டர் விட்டாலும் 50 மீட்டர் விட்டாலும், வீடுகள் அதற்கு முதுகைக் காட்டினால் பத்து வருடத்தில் இதே கதைதான்.

அதனால் ஓடையின் இரு பக்கமும் திறந்தவெளிக்கும் மனைகளுக்கும் நடுவே ஒரு ரோட்டைக் கொண்டுவந்தோம். ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் மனை, மறுபக்கம் ஓடை. ஒரு பக்கம் மட்டும் மனை என்றால் ரோட்டின் பாதி வீண் என்பது புரோக்கர்களின் கணக்கு. இந்த முழு வேலையிலும் நீண்ட வாக்குவாதம் இதற்குத்தான் நடந்தது. ஆனால் வாசல் ஓடையைப் பார்த்து இருக்கும். கோலம் போடுகிறவரும் காலையில் பேப்பர் படிக்கிறவரும் எதிரே யார் குப்பை கொட்டினாலும் பார்ப்பார்கள், சத்தம் போடுவார்கள். காவலுக்கு ஆள் போட்டாலும் இது கிடைக்காது.

ஓடை குறுக்காக ஓடுவதால் மனைகள் சாய்சதுரமாக விழும் ஆபத்து இருந்தது. ஈசானிய மூலை குறைந்த மனையை எங்கள் ஊரில் இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பார்கள். இதில் வாஸ்துவோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மனைகள் அத்தனையையும் செவ்வகமாகவே வெட்டிவிட்டு, முக்கோணத் துண்டுகளை எல்லாம் ஓடைப் பக்கத் திறந்தவெளியில் சேர்த்தோம். ரோட்டின் மட்டத்தை மனை மட்டத்துக்கு முக்கால் அடி கீழே வைத்தோம். வழக்கமாக ரோட்டை மேடாக்கிவிடுவார்கள்; வாங்குகிறவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மண் அடித்து மனையை உயர்த்துவார்; கடைசியில் மழைத்தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. ரோடு தாழ்ந்திருந்தால் அதுவே தண்ணீரை ஓடைக்கு இறக்கிவிடும்.

கழிவுநீர் விஷயத்தில் அவ்வளவு அழகான தீர்வு கிடைக்கவில்லை. 270 வீட்டில் வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கழிவுநீர். ஒரே சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம், ஆனால் மனையாக விற்கிற இடத்தில் வீடுகள் முளைக்கப் பத்து வருடம் ஆகும். முதல் சில வருடம் அந்த நிலையத்துக்குத் தண்ணீரே வராமல் காய்ந்து கெட்டுப்போகும். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதிலிருந்து வழிவதை 30 வீட்டுக்கு ஒன்றாகக் கல்வாழை நட்டு அழுக்கை வடிகட்டும் ஜல்லிப் படுகைக்குக் கொண்டுபோவது என்று முடித்தோம்.

கருப்பசாமிக்குப் போகிற பாதை

விளம்பரத்தில் 'கேட்டட் கம்யூனிட்டி' என்று போட வேண்டும் என்பது தம்பிக்காரரின் ஆசை. நாலு பக்கமும் சுவர், முகப்பில் வளைவு, செக்யூரிட்டி. இதில் சட்டச் சிக்கலே இருக்கிறது: அங்கீகரித்த மனைப்பிரிவில் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு அது பொது ரோடு. பொது ரோட்டில் கேட் போட்டு ஆளை நிறுத்தி யாரையும் மறிக்க முடியாது. இப்படி மறித்து வைத்திருக்கிற இடங்கள் நிறைய உண்டு என்பது வேறு விஷயம்.

ஊர்க்காரர்கள் கேட்டதும் அதைத்தான். "சாமிக்கு வர்ற பாதையை அடைக்காதீங்கண்ணே, வேற ஒண்ணும் வேணாம்" என்று நாலு பேர் வந்து அண்ணனிடம் சொன்னார்கள். ஒற்றையடிப் பாதை போன தடத்திலேயே ஒரு தெருவைப் போட்டு, பாறையடி வரை கொண்டுபோய் விட்டோம். ஓடையைத் தாண்டும் இடத்தில் குழாய் பதித்த பாலம் கட்டாமல், அகலமான தாழ்வுத் தரைப்பாலம். குழாயில் செத்தை அடைத்துக்கொள்ளும். தரைப்பாலத்தின் மேல் வருடத்தில் சில நாள் தண்ணீர் போகும், அன்றைக்குச் சுற்றிப் போக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம்தான்; மனை வாங்க வந்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

விற்பனையும் உரிமையும்

திறந்தவெளியை ஒட்டிய மனைக்கு விலை கூடும் என்பது வெளிநாட்டு அனுபவம். இங்கே அது பாதிதான் நடந்தது. கிழக்கு, வடக்கு வாசல் மனைகள் முதலில் போயின. பாறை தெரிகிற மனைகளும் நன்றாகவே போயின. ஓடையைப் பார்த்த மனைகள்தான் கடைசி. வந்தவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: "பாம்பு வருமா?", "மழைக்குத் தண்ணி ஏறுமா?" முதல் கேள்விக்கு வரும் என்பதுதான் நேர்மையான பதில். இரண்டாவதற்கு மரத்தில் சிக்கியிருந்த செத்தையின் மட்டத்தையும் மனையின் மட்டத்தையும் காட்டினோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள், பலர் திரும்பிப் போனார்கள். ஓடைப் பக்க மனைகளுக்கு அண்ணன் விலையைக் குறைத்தார். பாறைப் பக்கம் கூடுதலாகக் கிடைத்ததும் ஓடைப் பக்கம் குறைந்ததும் ஏறக்குறைய சரியாகப் போயிற்று. பணம் முழுசாக வந்து சேர அவர்கள் நினைத்ததைவிட நாள் பிடித்தது. வட்டிக்கு வாங்கி நிலம் போடுகிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவருமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். இவர்களுடையது அப்பன் சொத்து, கடன் இல்லை.

ஆறு ஏக்கரை யார் பெயரில் வைப்பது என்பது அடுத்தது. திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கான 170 சென்ட்டைக் காட்டிலேயே, ரோட்டைத் தொடுகிற மாதிரி வைத்தோம். ரோட்டிலிருந்து வழி இல்லாத துண்டையோ ஒடுங்கிய துண்டையோ கொடுத்தால் அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். ஒடுங்கிப் போகிற ஓடைக் கரையை அதில் காட்ட முடியாமல் போனது அதனால்தான். மீதி 430 சென்ட் மனை வாங்கியவர்களின் சங்கத்துக்கு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பொது இடத்தின் உரிமையைச் சங்கத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தைப் பின்னால் திருத்த, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இந்த ஒரு விதிதான் பள்ளத்தைக் காப்பாற்றும் பூட்டு. நல்ல சாலை வந்து விலை ஏறிய பிறகு 'அந்தப் பள்ளத்தில் பத்து மனை போடலாமே' என்ற யோசனை யாருக்காவது வராமல் இருக்காது. அதனால் ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் ஓடைக்கரை, பள்ளம், பாறை மூன்றும் சொத்து விவரத்தில் அளவோடு வரும்படி எழுதினோம். பத்திரம் எழுதுகிறவர் முதலில் சலித்துக்கொண்டார், அப்புறம் ஒரு மாதிரிப் படிவம் போட்டுக்கொண்டார்.

தானமாகக் கொடுத்த காடுதான் முதலில் சிக்கலுக்கு வந்தது. கொடுத்த பிறகு அது ஊராட்சியின் இடம்; பூங்கா என்று பெயர். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்ட இடம் வேண்டும் என்ற பேச்சு வந்ததும், இருப்பதிலேயே பெரிய காலி இடமாக எல்லோர் கண்ணிலும் பட்டது அதுதான். தொட்டி ஊருக்கு வேண்டியதுதான், அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பொதுத் தேவைக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த எட்டரை சென்ட் தனியாக, மேட்டில், ரோட்டு முனையில் இருந்தது. மட்டக் கணக்கை எடுத்துப் போய், தொட்டியை மேட்டில் வைத்தால் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் தானாக இறங்கும் என்று காட்டினோம். ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது சங்கத்தில் ஓடுகிற பேச்சு, காட்டைச் சுற்றி வேலி போடலாமா என்பது. போட்டால் ஆடு வராது, உசிலங்கன்றுகள் மேலே வரும். சாமி கும்பிட வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்கு ஊரில் முணுமுணுப்பு இருக்கும். இரண்டு மழைக்காலத்துக்குக் கன்றுகளுக்கு மட்டும் முள் கட்டிவிட்டு, வேலிக்கு வைத்த பணத்தில் தரைப்பாலத்துக்குக் கீழே சேர்ந்திருக்கும் மணலைப் புரட்டாசிக்குள் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.